நாற்பது வீட்டுத் தண்ணீர்

ஜூன் 20, 1991
உறுப்பினர் விடுதி, அறை 214

அன்புள்ள அண்ணி,

தலைநகருக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. வீட்டுக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் அண்ணன்தான் எடுத்தார். என் குரல் கேட்டதும் ஒரு மூச்சு விட்டார், வைத்துவிட்டார். இனி ஆய்வகத்து முகவரிக்கே எழுதுகிறேன். அங்கே தபாலைப் பிரிப்பது நீங்கள்தானே.

அறையில் இரண்டு கட்டில், ஒரு பீரோ. பீரோவின் கதவு சாத்த மறுக்கிறது. நாடாளுமன்ற முத்திரை போட்ட தாளை மடித்து இடுக்கில் செருகி வைத்திருக்கிறேன். பதவியால் இதுவரை கிடைத்த பயன் அதுதான். உறுதிமொழி எடுத்தபோது மைக் என் நெற்றி உயரத்தில் இருந்தது. பக்கத்து இருக்கையில் ஒரு வக்கீல். "நீங்கதானே அந்த ஈயத் தண்ணி அம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இருபது வருடம் வேதியியல் படித்ததும் பாடம் எடுத்ததும் அந்த மூன்று சொல்லில் அடங்கிவிட்டது.

போன வருடம் நாற்பது வீட்டுக் குழாய்த் தண்ணீரை நீங்களும் நானும் அளந்தபோது இப்படியெல்லாம் நடக்கும் என்று நான் கணக்குப் போடவில்லை. பேட்டரி ஆலையின் ஈயம் ஆற்றில் இறங்கி ஊர்க்குழாய்க்குள் வருகிறது என்று எண்கள் சொல்லின. எழுதினேன். ஆலையை மூடினார்கள். கட்சித் தலைவர் நம் ஆய்வகத்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்து, நிற்கிறீர்களா என்று கேட்டார். அண்ணன் அதே ஆலையில் ஷிப்ட் மேற்பார்வையாளர் என்பது எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்தும்தான் எழுதினேன். உறவுக்காக ஒரு எண்ணை மறைத்திருந்தால் நான் எதற்கு?

தேர்தலன்று அண்ணன் ஓட்டுப் போடவே போகவில்லை என்று கேள்விப்பட்டேன். எதிர்த்துப் போட்டிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

அன்புடன்,
வாலு

*

ஜூலை 3, 1991

அன்புள்ள வாலு,

எம்.பி.யை வாலு என்று கூப்பிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். வீட்டில் நீ என் நாத்தனார், ஆய்வகத்தில் என் மேடம், இப்போது சட்டம் போடுகிறவள். மூன்று பேருக்கும் தனித்தனியாக எழுத எனக்கு நேரமில்லை. உன் அண்ணன் வைத்த பெயரே இருக்கட்டும்.

அவர் பம்பு ரிப்பேர் பட்டறையில் சேர்ந்துவிட்டார். அங்கே வயதில் அவர்தான் மூத்தவர், வேலையில் அவர்தான் கடைசி. சாயங்காலம் வந்ததும் கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறார், கிரீஸ் போன பிறகும். ஆலையில் வேலை செய்த முந்நூற்றுப் பத்துப் பேரில் பாதிப்பேர் ஊரை விட்டே போய்விட்டார்கள். மீதிப் பேரை இவர் கடைத்தெருவில் பார்த்தால், பேச்சு இரண்டு வாக்கியத்துக்கு மேல் போவதில்லை. தங்கச்சி எப்படி இருக்கா என்று யாராவது கேட்டுவிடுவார்கள்.

நீ எண்ணைச் சொன்னாய் என்பது அவருடைய கோபம் இல்லை. இதை நான் உனக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். "கழிவுத் தொட்டிச் சாவி பதினாலு வருஷம் என் இடுப்புல இருந்துச்சு. ஒரு சொட்டு ஆத்துக்குப் போனதில்ல. அது அவளுக்குத் தெரியும். தெரிஞ்சே பொய் சொன்னா" என்கிறார். நான் அந்த எண்களை மெஷினிலிருந்து என் கண்ணால் பார்த்து எழுதியவள் என்று சொன்னேன். "அப்ப உன்னையும் சேத்துத்தான் சொல்றேன்" என்றார். பிறகு சாப்பிட வந்தார்.

உன் மேஜையை யாருக்கும் கொடுக்கவில்லை. தராசு மட்டும் பக்கத்து அறைக்குப் போயிருக்கிறது.

அண்ணி

*

செப்டம்பர் 11, 1994

அன்புள்ள அண்ணி,

பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். போன வருடம் அவை நடுவில் கலைந்து வந்த தேர்தலில் மறுபடி ஜெயித்ததன் பலன்: குடிநீர், நகர வளர்ச்சித் துறைக்குத் துணை அமைச்சர். தலைவர் கூப்பிட்டு, "உங்களுக்குத் தெரிஞ்ச சப்ஜெக்ட்டு, கூட்டத்துல நம்பரச் சொல்லி அடிங்க" என்றார். அடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆய்வகத்தில் ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் போட்டுப் பிழை அளவு எழுதுவோமே, அதை இங்கே ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். எதிர்க்கட்சிக்காரர், "அமைச்சருக்கே சந்தேகமாம்" என்றார். அவையே சிரித்தது. அன்றிலிருந்து பிழை அளவை விட்டுவிட்டேன்.

எனக்கு இப்போது ஒரு செயலாளர் இருக்கிறார். நல்ல மனிதர். நான் எழுதும் ஒரு பக்கத்தை அரைப் பக்கம் ஆக்குவார். பிறகு அதில் என் கருத்தைத் தவிர எல்லாம் இருக்கும்.

நம் ஆய்வகத்துக்குப் புதுக் கட்டடமும் புது மெஷினும் அனுமதித்திருக்கிறேன். நீங்கள் ஓய்வு பெறுவதற்கு முன் அதில் உட்கார வேண்டும். ஊருக்கு வந்தபோது வீட்டு வாசலோடு திரும்பிவிட்டேன். உள்ளே விளக்கு எரிந்தது. பின்னால் நான்கு கார் நின்றது. நான்கு காரோடு போய் ஒரு கதவைத் தட்டுவது மிரட்டல் மாதிரி இருக்கும் என்று தோன்றியது.

அன்புடன்,
வாலு

*

பிப்ரவரி 9, 1997

அன்புள்ள வாலு,

இதை உட்கார்ந்து படி. செயலாளரிடம் கொடுக்காதே.

புதுக் கட்டடத்துக்கு மாற்றுவதற்காக ஸ்டோர் ரூமை ஒழித்தோம். மேல் அலமாரியில் அந்த நாற்பது வீட்டுத் தண்ணீரின் உபரி பாட்டில்கள் இருந்தன. ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு பாட்டில் எடுத்தோம் அல்லவா? ஒன்றில் அமிலம் விட்டு அளந்தோம். இன்னொன்றை மூடி அரக்கு வைத்து அப்படியே வைத்தோம். புது மெஷினைச் சோதித்துப் பார்க்க ஏதாவது வேண்டும். இதையே ஓட்டலாம் என்று புது அமிலம் விட்டு, இரண்டு வாரம் வைத்திருந்து அளந்தேன்.

முப்பத்துமூன்று வீட்டில் ஈயம் இல்லை என்றே சொல்லலாம். ஏழு வீட்டில் மட்டும் அளவுக்கு மேல் இருக்கிறது. அன்று நாம் நாற்பதிலும் இருக்கிறது என்று எழுதினோம்.

மெஷின் தப்பு என்று நினைத்து மூன்று நாள் திரும்பத் திரும்ப ஓட்டினேன். பிறகு அன்று பயன்படுத்திய அமிலக் குப்பியைத் தேடினேன். பழைய அலமாரியிலேயே இருந்தது, அடியில் ஒரு விரற்கடை மிச்சத்தோடு. அதை அளந்தேன். ஈயம் அதில்தான் இருந்திருக்கிறது. நாம் தண்ணீரை அளக்கவில்லை வாலு, அமிலத்தை அளந்திருக்கிறோம்.

அமிலத்தோடு சுத்தத் தண்ணீரைச் சேர்த்து வெற்று மாதிரி ஓட்டியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஓட்டினோம், ஆனால் பழைய குப்பியில். அது தீர்ந்ததும் புதுக் குப்பி திறந்தவள் நான். திறந்த பிறகு வெற்று மாதிரி ஓட்டாதவளும் நான்தான். நோட்டில் என் கையெழுத்து இருக்கிறது.

அந்த ஏழு வீடும் மேட்டுப் பக்கத்துப் பழைய நான்கு தெருக்களில் இருக்கின்றன. போன வாரம் நானே பையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்ப் புதிதாகத் தண்ணீர் பிடித்து வந்தேன். இன்றும் அதே அளவு. ஒரு வீட்டில் அடுப்படிச் சுவரைச் சுரண்டிக் காட்டச் சொன்னேன். குழாய் நகத்தால் கீறினால் பளபளக்கிறது. ஈயக் குழாய். ஆற்றிலிருந்து வந்திருந்தால் நாற்பது வீட்டுக்கும் வந்திருக்க வேண்டும். ஆலையை மூடியாயிற்று, ஆபத்து போயிற்று என்று அந்தத் தெருக்காரர்கள் ஏழு வருடமாக நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

உன் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.

அண்ணி

*

பிப்ரவரி 20, 1997
துணை அமைச்சர் அலுவலகம்

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு,

தங்கள் கடிதமும் அளவுப் பட்டியலும் கிடைத்தன. தாமதத்துக்கு வருந்துகிறேன். பல கோணங்களில் ஆலோசிக்க வேண்டியிருந்தது.

முதலாவதாக, குறிப்பிட்ட நான்கு தெருக்களிலும் வீட்டு இணைப்புக் குழாய்களை மாற்றும் பணி நகர மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் சேர்க்கப்பட்டுவிட்டது. அடுத்த வாரமே தோண்டத் தொடங்குவார்கள். அதுவரை லாரியில் தண்ணீர் வரும். காரணம் அறிவிக்க வேண்டிய அவசியமில்லை. பழைய குழாய் என்பதே போதுமான காரணம்.

இரண்டாவதாக, பழைய அறிக்கை. தேர்தலுக்கு எட்டு மாதம் இருக்கும் நிலையில் இது வேறு வழியில் வெளியே வந்தால் துறையின் எல்லாப் பணிகள் மீதும் சந்தேகம் விழும். எனவே ஒரு சிறு நிபுணர் குழு அமைத்து, மாதிரிகளைத் தயார் செய்ததில் தொழில்நுட்பப் பணியாளரின் கவனக்குறைவால் பிழை நேர்ந்தது என்று பதிவு செய்யலாம் என்பது யோசனை. உங்கள் பெயர் வராது. ஓய்வூதியத்துக்குப் பாதிப்பு இல்லை. நீங்களே எழுதியிருப்பதும் அதுதான் என்பதால் உங்களுக்கு மறுப்பு இருக்காது என நம்புகிறேன்.

இப்படிக்கு,
துணை அமைச்சர்,
குடிநீர் மற்றும் நகர வளர்ச்சி

*

பிப்ரவரி 26, 1997

மதிப்பிற்குரிய துணை அமைச்சர் அவர்களுக்கு,

குழாய்க்கு நன்றி. நேற்றே தெருவை வெட்டிவிட்டார்கள். இவ்வளவு சீக்கிரம் ஒரு வேலை நடந்து எங்கள் ஊர் பார்த்ததில்லை. ஏதோ பெரிய ஆள் வருகிறார் போல என்று பேசிக்கொள்கிறார்கள். உங்கள் அண்ணன் பட்டறையிலிருந்துதான் குழிக்குள் தண்ணீர் இறைக்கிற பம்பு போயிருக்கிறது. வெட்டி எடுத்த குழாய் ஒன்றை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். அதைக் கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார். பதினாலு வருடம் ஈயத்தோடு புழங்கியவர், எடையிலேயே அவருக்குத் தெரியும். "இது ஈயம்" என்றார். மேலே எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்காதது எனக்குப் பயமாக இருக்கிறது.

குழுவின் தாளை அனுப்புங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரு சொல்லை மட்டும் மாற்றிவிடுங்கள். தவறு என்று எழுதுங்கள், பிழை என்று எழுதுங்கள். கவனக்குறைவு என்று வேண்டாம். இருபத்தாறு வருடம் நான் எதையும் கவனிக்காமல் செய்ததில்லை. அன்றும் கவனித்துத்தான் குப்பியைத் திறந்தேன்.

இப்படிக்கு,
தொழில்நுட்பப் பணியாளர்

*

மார்ச் 3, 1997

அன்புள்ள அண்ணி,

செயலாளருக்குத் தெரியாமல் கையால் எழுதுகிறேன். எழுத்து சாய்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுவதைத் தவிரக் கையால் எழுதிப் பல நாளாகிறது.

நீங்கள் கவனித்துத்தான் திறந்தீர்கள். எனக்கு நினைவிருக்கிறது. பிப்ரவரி இருபதாம் தேதிக் கடிதத்தை எழுதியபோதும் நினைவிருந்தது. நீங்கள் கையுறையோடு கதவில் சாய்ந்து நின்றீர்கள். "மேடம், புதுக் குப்பி ஒடச்சிருக்கேன். வெற்று மாதிரி ஒண்ணு ஓட்டிரட்டுமா?" என்று கேட்டீர்கள். மறுநாள் காலை நகரசபைக் கூட்டம். பத்திரிகைக்காரர்கள் வருவதாக இருந்தது. நான் தலையைத் தூக்காமலே, "ஒரே கம்பெனி அமிலம்தானே அண்ணி, வேணாம், நேரமில்ல" என்றேன். ஒரு வெற்று மாதிரிக்கு இருபது நிமிடம் ஆகும்.

அன்று பொய் சொன்னேனா என்று பலமுறை யோசித்துவிட்டேன். இல்லை. வந்த எண்ணை நம்பினேன். நம்ப விரும்பினேன் என்பதும் உண்மை. போன மாதம்தான் பொய்யில் இறங்கினேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் எடுத்துக்கொண்ட பழியை, நீங்களே கொடுத்தது என்று சமாதானம் சொல்லி வாங்கிக்கொண்டேன். நான் கேட்காமலே ஏன் கொடுத்தீர்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

தலைவரிடம் நேற்றுச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "குழாய மாத்தியாச்சு இல்ல? அப்புறம் என்ன?" என்றார். முந்நூற்றுப் பத்துப் பேர் என்றேன். "அவங்க எல்லாம் எங்கயோ பொழச்சிட்டாங்கம்மா. நீங்க விஞ்ஞானியாவே இருந்திருந்தா இதச் சொல்றது நியாயம். இப்ப நீங்க ஒரு ஆள் இல்ல, ஒரு கட்சி" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்னதில் பாதி எனக்குச் சரியாகவும் பட்டது. அதனால்தான் சீக்கிரம் செய்துவிட வேண்டும் என்று தோன்றியது. இன்னும் ஒரு மாதம் போனால் முழுவதும் சரியாகப் பட்டுவிடும்.

பன்னிரண்டாம் தேதி அவையில் அறிக்கை படிக்கிறேன். உங்கள் அளவுகளோடு உங்கள் பெயரும் வரும், பிழையைக் கண்டுபிடித்தவர் என்று.

வாலு

*

மார்ச் 24, 1997

அன்புள்ள வாலு,

ரேடியோவில் கேட்டேன். ஆய்வகத்தில் எல்லாரும் கூடி நின்று கேட்டார்கள். என் பெயர் வந்ததும் என்னைப் பார்த்தார்கள், எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

ஊரில் ஒரே மாதிரி பேச்சு இல்லை. நீ பெரிய மனுஷி என்கிறார்கள் சிலர். தேர்தலுக்கு நாடகம் என்கிறார்கள் சிலர். பழைய ஆலை வாசலில் ஒரு எழுபது பேர் வந்து நின்றார்கள். கோஷம் இல்லை. கேட்டில் துருப்பிடித்த பூட்டுத் தொங்குகிறது. உள்ளே மெஷின் எல்லாம் எப்போதோ விற்றுப்போயிற்று. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கலைந்து போனார்கள். ஒருவர் மட்டும் ஆய்வகத்துக்கு வந்தார். சார்ஜிங் பிரிவில் இருந்தவர். அறிக்கையின் பிரதி வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். "எம் பையன்கிட்டக் காட்டணும்" என்று சொல்லி மடித்து வைத்துக்கொண்டு போனார்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். பழியை ஏன் எடுத்துக்கொண்டேன் என்றால், அது எனக்குத்தான் சுலபம். உன்னிடம் ஏழு வருடம் பேசாமல் இருக்க உன் அண்ணனால் முடிந்தது, நீ தூரத்தில் இருக்கிறாய். நான் தினமும் எதிரே நிற்கிறவள். என்னிடம் எத்தனை நாள் பேசாமல் இருந்துவிடுவார்? ஒரு வாரம். மிஞ்சினால் பத்து நாள். இப்படித்தான் நினைத்தேன்.

அவர் அறிக்கையை இரண்டு முறை படித்தார். மறுநாள் என்னை உட்கார வைத்துக் கேட்டார்: "பாட்டில் வேல பாத்தது நீ. தப்பத் தூக்கி உன் தலையில கட்டணும்னு அவ ஒரு தடவயாவது நெனச்சாளா? அத மட்டும் எழுதிக் கேளு." உன் பிப்ரவரிக் கடிதம் என் பையில்தான் இருந்தது. நான் காட்டவில்லை. நீயே சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன். நீ என்ன எழுதினாலும் அதையே அவரிடம் படித்துக் காட்டுவேன். இல்லை என்று எழுதினாலும் படிப்பேன். யோசித்து எழுது.

அண்ணி

*

ஏப்ரல் 2, 1997
உறுப்பினர் விடுதி, அறை 117

அன்புள்ள அண்ணி,

பழையபடி விடுதிக்கு வந்துவிட்டேன். அமைச்சர் பதவியை ராஜினாமா செய்யச் சொன்னார்கள், செய்தேன். அடுத்த தேர்தலில் எனக்கு இடம் இல்லை என்பதை யாரும் வாயால் சொல்லவில்லை. உணவுக்கூடத்தில் என் மேஜைக்கு ஆள் வருவது குறைந்திருக்கிறது, அதிலிருந்து தெரிந்துகொண்டேன். ஆலைத் தொழிலாளர்களுக்கு நஷ்டஈடு பற்றி நான் கொடுத்த தனிநபர் மசோதா வரிசையில் அறுபத்துநாலாவதாக இருக்கிறது. இந்த அவை கலைவதற்குள் அது வராது. அடுத்த அவையில் யாராவது கையில் எடுப்பார்களா என்று நாலைந்து பேரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பழைய வக்கீல், "கொண்டாங்க பாப்போம்" என்றிருக்கிறார்.

அறிக்கை படித்தபோது அவையில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். வெற்று மாதிரி என்றால் என்ன என்று விளக்கிய இடத்தில் பாதிப்பேர் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள். ஒரே ஓர் உறுப்பினர் கேள்வி கேட்டார்: "அந்த இருபது நிமிடத்தில் அமைச்சர் அன்று என்ன செய்தார்?" கேலிக்காகத்தான் கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். மறுநாள் கூட்டத்துக்காகப் பேச்சை எழுதிக்கொண்டிருந்தேன்.

அண்ணனுக்கு என் பதில்: ஆமாம். ஒரு தடவை இல்லை. பிப்ரவரி இருபதாம் தேதியிலிருந்து மார்ச் மூன்றாம் தேதி வரை, பதினொரு நாள் நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அந்தக் கடிதத்தை அவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் அதைப் படித்த பிறகு என்னோடு பேசவே வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதையும் எழுதுங்கள். அதற்குப் பிறகு வீணாகக் காத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

வாலு

*

ஏப்ரல் 10, 1997

அன்புள்ள வாலு,

கொடுத்தேன். உன் இரண்டாம் தேதிக் கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு, பிப்ரவரிக் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு படித்தார். 'கவனக்குறைவு' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். இதற்கு நீ என்ன எழுதினாய் என்று கேட்டார். அந்தச் சொல்லை மட்டும் மாற்றச் சொன்னேன் என்றேன். சிரித்துவிட்டார். சிரித்தது அவருக்கே பிடிக்கவில்லை போல, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு என்னிடம் மூன்று நாள் பேசவில்லை. நான் பத்து நாள் என்று நினைத்திருந்தேன்.

நேற்றுச் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பொய் சொன்னானு ஏழு வருஷம் ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தேன். பொய் இல்ல, அவசரப்பட்டிருக்கா. பதினோரு நாள் பொய் சொல்லப் பாத்திருக்கா, அதுவும் அவளால முடியல. எனக்கு மட்டும் என்ன, நானும் அளந்து பாக்காமத்தானே சொன்னேன்." கொஞ்ச நேரம் கழித்து, "வேல போனது போனதுதான். அத அவ சாரினு சொல்லிச் சரி பண்ண முடியாது. வந்து சொல்ல வேணாம்னு எழுது" என்றார்.

வர வேண்டாமா என்று கேட்டேன்.

"சாரி சொல்ல வர வேணாம்னேன். வர வேணாம்னு எப்பச் சொன்னேன்?" என்று சத்தம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு. எந்த பஸ் என்று எழுது. நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடக்கிற தூரம்தான், ஆனாலும் அவர் வந்து நிற்பார். பேசுவார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

அண்ணி